காம்பரா: ஓர் இலத்தீன் சொல்லும் இறம்பொடை லயமும்

இலங்கைப் பாடசாலைகளில் தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குத் திசைச்சொல் பட்டியல் எளிதில் மறக்காது. அலுமாரி, கதிரை, சாவி, ஜன்னல், மேசை என்று ஒரு வரிசை, எதிரே போர்த்துக்கேயம். கந்தோர், கக்கூசு என்று அடுத்த வரிசை, எதிரே ஒல்லாந்தம். பிறகு ஆங்கிலம். மலையகத்தில் இந்தப் பட்டியல் இன்னும் கொஞ்சம் நீளும். தோட்டத்துப் பேச்சில் ஆர்வமுள்ள ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் லயம், பிரட்டு, இஸ்தோப்பு, கொந்தரப்பு என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். சொல், மூலமொழி, பொருள் என்று மூன்று நிரல். அந்த வரிசையில் ஓரிடத்தில் ‘காம்பரா – போர்த்துக்கேயம் – அறை’ என்று இருக்கும். மாணவர் அதை மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, புள்ளியும் வாங்கிவிடுவார்.

இந்த மூன்று நிரல் முறை எவ்வளவு தூரம் நமக்கு உதவுகிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்பதை இந்த ஒரு சொல்லை வைத்தே பார்த்துவிடலாம். காம்பராவுக்கு ஐரோப்பாவின் பெரும்பாலான மொழிகளில் உறவுச்சொல் உண்டு. தவலந்தென்னையிலிருந்து இறம்பொடைக்கு ஏறும் பாதையின் இருபுறமும் உள்ள தோட்டங்களில் அது தினசரிப் பேச்சு. இரண்டு முனைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் நடுவில் நடந்தது என்ன என்பது புலப்படும்.

முதலில் தொலைவில் உள்ள முனை. கிரேக்கத்தில் ‘கமாரா’ என்றால் வளைந்த கூரை, வில்வளைவாக மூடிய மாடம். இலத்தீன் அதைக் ‘கமெரா’ என்று எடுத்துக்கொண்டது. கூரையைக் குறித்த சொல் நாளடைவில் கூரையின் கீழுள்ள இடத்தைக் குறித்தது. பிறகு எந்தக் கூரையானாலும் அறை என்றாயிற்று. இலத்தீன் பல மொழிகளாகப் பிரிந்தபோது இந்தச் சொல்லும் பிரிந்து ஆளுக்கொரு பொருளை எடுத்துக்கொண்டு போனது.

இத்தாலியர் இன்றும் படுக்கையறையைக் ‘காமெரா’ என்கிறார்கள். அவர்களுடைய பாராளுமன்றத்தின் கீழவைக்கும் அதுவே பெயர். பிரெஞ்சில் அது ‘ஷாம்பர்’ ஆனது. அங்கேயும் முதற்பொருள் படுக்கையறைதான். ஆங்கிலம் பிரெஞ்சிலிருந்து ‘சேம்பர்’ என்று வாங்கி, அரண்மனை அறைக்கும் வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் வணிகர் சங்கத்துக்கும் வைத்தது. ஒல்லாந்தத்தில் ‘காமர்’ என்பது வீட்டின் சாதாரண அறை. அந்நாட்டுப் பாராளுமன்றத்தின் இரண்டு அவைகளுக்கும் அதே பெயர். ஜெர்மனியில் அதே ‘காமர்’ தட்டுமுட்டுச் சாமான் போட்டுவைக்கும் சிறிய அறை. வர்த்தக சம்மேளனமும் அதுவே. ஹங்கேரிய வீடுகளில் ‘கம்ரா’ என்றால் உணவுப்பொருள் சேமிக்கும் அறை. ஸ்பானியத்தில் சொல் பெரும்பாலும் சட்டமன்றத்துக்கும் படம்பிடிக்கும் கருவிக்கும் போய்விட்டது. வீட்டு அறைக்கு வேறு சொற்கள் வந்துவிட்டன. நமக்குச் சொல்லைத் தந்ததாகப் பட்டியல் கூறும் போர்த்துக்கல்லிலேயே இன்று ‘காமரா’ என்றதும் முதலில் நினைவுக்கு வருவது நகரசபை. படுத்துறங்கும் அறைக்கு அங்கே ‘குவார்த்து’ என்கிறார்கள். ருசியாவுக்குப் போனால் ‘காமெரா’ சிறைக்கூடம்.

இந்தப் பொருள்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் நிற்பதாகத் தோன்றலாம். உண்மையில் இவற்றினூடே ஒரே கயிறு ஓடுகிறது. பெரிய கட்டடம் ஒன்று இருக்கிறது. அதற்குள் சுவர் எழுப்பி ஒதுக்கிய பகுதி ஒன்று இருக்கிறது. அந்தப் பகுதிக்குள் யார் போகலாம், என்ன வைக்கலாம் என்பதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. படுப்பவருக்காக ஒதுக்கினால் படுக்கையறை, உறுப்பினருக்காக ஒதுக்கினால் அவை, தானியத்துக்காக ஒதுக்கினால் களஞ்சியம், கைதிக்காக ஒதுக்கினால் சிறைக்கூடம். பொதுமக்களை வெளியே நிறுத்திவிட்டு நீதிபதி நடத்தும் மூடிய விசாரணையை ஆங்கிலச் சட்டமொழி இன்றும் ‘இன் கமெரா’ என்று இலத்தீனிலேயே சொல்கிறது. இலங்கை நீதிமன்றங்களிலும் அந்தத் தொடர் உண்டு.

படம்பிடிக்கும் கருவியின் கதையும் இதன் ஒரு கிளை. இருட்டறையின் சுவரில் சிறு துளையிட்டால் வெளியே உள்ள காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். அந்த அறைக்குக் ‘கமெரா ஒப்ஸ்கியூரா’, இருண்ட அறை, என்ற பெயரை வானியலாளர் கெப்ளர் 1604இல் எழுதிய நூலில் பயன்படுத்தினார். அறை சுருங்கிப் பெட்டியாகி, பெட்டி கையடக்கமான பின்னும் பெயரின் முற்பாதி மட்டும் ஒட்டிக்கொண்டது. இலங்கைத் தமிழில் நாம் ‘கமரா’ என்பது அதைத்தான். ஸ்பானியப் படைவீரர்கள் ஒரே அறையில் தங்கியவர்களைக் ‘கமராதா’ என்றார்கள். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘கொம்ரேட்’ ஆகி, நம் மேடைகளில் ‘தோழர்’ என்று மொழிபெயர்ந்தது. கொம்ரேட் என்றால் கொள்கையால் இணைந்தவர் என்று நினைக்கிறோம். தொடக்கத்தில் அது ஒரே கூரையின் கீழ் படுத்தவர் மட்டுமே.

இனி இறம்பொடை. நுவரெலியாவுக்குப் போகும் சுற்றுலா வண்டிகள் இங்கே கட்டாயம் நிற்கும். 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் நீர்வீழ்ச்சிக்காகவும், வெவண்டன் மலையில் சின்மயா மிஷன் கட்டிய அனுமார் கோயிலுக்காகவும் நிற்பவர்கள், வளைவில் இறங்கிக் கமராவைத் திருப்பினால் தேயிலைச் சரிவுக்கு நடுவே நீளமாகப் படுத்திருக்கும் தகரக் கூரைகளையும் படம் பிடிப்பார்கள். அவை தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள். அந்தக் கூரைகளின் கீழே இருப்பவை காம்பராக்கள். ஒரே இலத்தீன் தாய்க்குப் பிறந்து, வெவ்வேறு வழியாக வந்த இரண்டு சொற்கள் அந்த வளைவில் எதிரெதிரே நிற்கின்றன. படம் எடுக்கப்படுகிறவர் ஒரு காம்பராக்காரர். எடுக்கிறவர் கையில் கமரா. இந்த உறவு தெரிந்த பிறகு அந்தக் காட்சியைச் சாதாரணமாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

வேர்தேடும் முறையின் முதல் பலம் இதுதான். சிதறிக் கிடப்பவற்றை அது பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறது. இன்னும் கொஞ்சம் கூர்மையாகப் பயன்படுத்தினால் அரசியலையும் அது காட்டும். இலங்கை வர்த்தக சம்மேளனம் 1839இல் தொடங்கியது. அதன் ஆங்கிலப் பெயரில் உள்ள ‘சேம்பர்’ நம் காம்பராவின் உடன்பிறப்பு. கோப்பித் தோட்டங்கள் மலைமேல் பரவத் தொடங்கிய காலம் அது. 1883 ஜூலை 30இல் கொழும்பில் தேயிலையின் முதல் பகிரங்க ஏலம் நடந்தது. பிற்காலத்தில் அந்த ஏலம் சம்மேளனத்தின் நிழலில் வளர்ந்தது. கொழுந்து பறித்தவர் ஒரு கமெராவில் படுத்தார், கொழுந்தின் விலை இன்னொரு கமெராவில் தீர்மானமாயிற்று.

மூன்றாவது கமெரா பாராளுமன்றம். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் ஏழு பேர் அங்கே போனார்கள். நுவரெலியாவிலிருந்து தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான், தலவாக்கலையிலிருந்து எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை அவர்களுள் இருவர். அடுத்த ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, மலையகத் தமிழரில் பெரும்பாலோரின் பிரஜாவுரிமையைப் பறித்தது. 1949இல் வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் அந்த ஏழு ஆசனங்களில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. மக்கள் வாக்கால் தொண்டமான் மீண்டும் அவைக்குள் நுழைந்தது 1977இல். இடைப்பட்ட இருபத்தைந்து ஆண்டுகள் மலையகத் தொழிலாளருக்கு இருந்த ஒரே கமெரா லயத்தில் இருந்ததுதான். ஒரு சொல்லின் கிளைகளைப் பின்தொடர்ந்து போனால் இவ்வளவும் ஒரே வரிசையில் வந்து நிற்கும். பட்டியல் போடுகிறவர்கள் இந்த இடம்வரை வருவதில்லை என்பதே என் முதல் வருத்தம்.

இரண்டாவது பலம், சொற்களின் அடுக்கு. லயத்து வீட்டை வாசலிலிருந்து உள்ளே பார்த்துக்கொண்டு போனால் முன்னே இஸ்தோப்பு. அது ஒல்லாந்தரின் ‘ஸ்தூப்’, வாசற்படித் திண்ணை, இலத்தீனோடு சம்பந்தமில்லாதது. உள்ளே காம்பரா. சமைக்கும் இடம் குசினி; போர்த்துக்கேய ‘கொசின்யா’, அதற்கு முன் இலத்தீன். ஜன்னலும் அப்படியே. கதவைப் பூட்டும் சாவியும் இலத்தீன் ‘கிளாவிஸ்’ வழி. இவை எல்லாம் அடங்கிய நீண்ட கட்டடம் லயம். ஆங்கில ‘லைன்’, அதற்கு அடியில் இலத்தீன் ‘லீனியா’, ஆளிநார் நூல். காலையில் பெயர் கொடுக்கப் போகும் பிரட்டுக்களத்தின் ‘பிரட்டு’ ஆங்கிலப் ‘பரேட்’. மூன்று ஆட்சிகளின் சொற்களால் கட்டிய ஒரு வீட்டுக்குள் தமிழ்ச் சொற்களால் வாழ்க்கை நடக்கிறது: அடுப்பு, பாய், பரண், தொட்டில், விளக்கு. கட்டடம் கொடுத்தவர்களின் மொழியில் கட்டடத்தின் பெயர்கள். வாழ்ந்தவர்களின் மொழியில் வாழ்வின் பெயர்கள். இதைப் பட்டியல் போட்டுப் பார்க்காதவருக்கு இது கண்ணில் படாது. ஆகவே பட்டியல் போடுவதே வீண்வேலை என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை.

ஒலியைப் பற்றியும் ஒரு சிறு செய்தி. இலத்தீன் ‘கமெரா’வில் நடு உயிர் தேய்ந்து ‘ம்’ முடிந்தவுடன் ‘ர’ வரும்போது, வாய் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும் இடைவெளியில் ‘ப’ பிறக்கும். பிரெஞ்சு ‘ஷாம்பர்’ அப்படி வந்தது. சிங்களக் ‘காமரய’விலும் இந்திக் ‘கம்ரா’விலும் அந்த ‘ப’ இல்லை. நம் காம்பராவில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரரின் வாய்க்கு நேர்ந்தது நம் பாட்டிமார் வாய்க்கும் நேர்ந்திருக்கிறது. இதில் கொச்சை என்று வெட்கப்பட எதுவும் இல்லை.

இனிக் குறைகளுக்கு வருவோம்.

முதற்குறை, இரண்டாம் நிரலில் நாட்டும் கொடி. போர்த்துக்கேயர் 1505இல் வந்து 1658இல் முற்றாக வெளியேறினார்கள். கண்டி இராச்சியத்தின்மீது படையெடுத்தார்களே தவிர, இறம்பொடை மலையை அவர்கள் ஒருநாளும் ஆளவில்லை. ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்தது 1815இல். கோப்பிக்காகத் திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம், தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து மக்கள் நடந்து வந்தது அதற்குப் பிறகு. போர்த்துக்கேயர் போய் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் வந்தவர்களின் வாயில் போர்த்துக்கேயச் சொல் எப்படி வந்தது? பட்டியல் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. கேட்டால் பல வழிகள் திறக்கும். கரையோரத் தமிழர் வழியாக வந்திருக்கலாம். சிங்களக் ‘காமரய’ வழியாக, லயம் கட்ட வந்த மேசன்மாரோடு மலையேறியிருக்கலாம். அல்லது தொழிலாளரே ஊரிலிருந்து மூட்டையோடு கொண்டுவந்திருக்கலாம். ஏனென்றால் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் போர்த்துக்கேயரும் அவர்களுக்குப் பின் ஒல்லாந்தரும் இருந்திருக்கிறார்கள். தஞ்சைப் பக்கத்துப் பழைய வீடுகளில் ‘காமரா உள்’ என்று ஓர் அறை இருப்பதைத் தமிழ்க் கதைகள் படித்தவர்கள் அறிவார்கள். ஒல்லாந்தக் ‘காமரு’க்கும் இந்தச் சொல்லில் உரிமை கோர இடமுண்டு, இந்தோனேசியாவில் இன்றும் அறைக்குக் ‘கமார்’ என்பது அவர்கள் விட்டுச்சென்றது. இத்தனை வாசல்கள் உள்ள இடத்தில் ‘போர்த்துக்கேயம்’ என்று ஒரே சொல்லில் எழுதி மூடிவிடுவது அவசரம். அது பிழை என்றுகூட நான் சொல்லவில்லை; போதாது என்கிறேன். சொல்லைக் கைமாற்றியவர்கள் மேசன், கங்காணி, வண்டிக்காரர், கடைக்காரர் போன்ற சாதாரண மனிதர்கள். பட்டியல் அவர்களை அழித்துவிட்டு ஆட்சியாளரின் பெயரை எழுதுகிறது.

இரண்டாவது குறை இதற்கு நேர்மாறானது: வேர் தேடும் ஆசை எல்லை மீறி, கேட்க நன்றாக இருக்கும் வேரை நட்டுவிடுவது. லயம் என்பது குதிரை கட்டும் லாயத்திலிருந்து வந்தது என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். ஆத்திரம் நியாயமானது, மிருகத்தை அடைப்பது போல் மனிதரை அடைத்தார்கள் என்பதைச் சொல்ல அது உதவுகிறது. ஆனால் ஆங்கிலேயர் இந்தியா எங்கும் படைவீரரையும் பொலிசாரையும் வரிசை வரிசையாகக் குடியமர்த்திய இடங்களை ‘லைன்ஸ்’ என்றே அழைத்தார்கள். தில்லியில் இன்றும் ‘சிவில் லைன்ஸ்’ இருக்கிறது. தமிழ்நாட்டிலும் ‘லைன் வீடு’ உண்டு. தோட்டத்து லயம் அந்தப் படைமுகாம் வரிசையின் தொடர்ச்சி. உண்மையான வேரே போதுமான அளவுக்குக் கடுமையானது: தொழிலாளரைக் குடும்பங்களாகப் பார்க்காமல் அணியாகப் பார்த்த கண்ணே அந்தப் பெயரில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு இல்லாத குதிரையைத் தேடிப் போக வேண்டியதில்லை.

மூன்றாவது குறைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அது மூன்றாம் நிரலில் இருக்கிறது. காம்பரா என்றால் அறை என்று எழுதுவது தவறு.

ஒரு லயத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய நீளமான சுவர், மேலே தகரம். ஒற்றை லயமானால் ஒருபக்கம் மட்டும் வாசல்கள்; இரட்டை லயமானால் முதுகோடு முதுகு ஒட்டி இருபக்கமும் வாசல்கள், பின்ஜன்னலுக்கு வழியே இல்லை. ஒவ்வொரு வாசலுக்கும் குறுகிய இஸ்தோப்பு, அதைத் தாண்டினால் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஒரே அறை. சிலவற்றில் அடுப்பும் அதற்குள்ளேயே. ஈர விறகின் புகை கூரைவரை ஏறி உட்கார்ந்து, கைமரமெல்லாம் கறுத்திருக்கும். இரண்டு காம்பராக்களுக்கு நடுவிலுள்ள சுவர் பல லயங்களில் கூரைவரை போகாது. அடுத்த வீட்டில் பிள்ளை இருமினால் இந்த வீட்டில் கேட்கும். ஓரிடத்தில் தீப்பிடித்தால் கூரை வழியே ஓடி வரிசை முழுவதையும் எடுத்துவிடும். மகனுக்குக் கல்யாணமானால் இஸ்தோப்பைப் பலகையும் சாக்கும் வைத்து அடைத்து அதுவும் ஒரு வீடாகும். பழைய சேலை ஒன்று நடுவில் தொங்கினால் அது சுவர்.

இந்த இடத்தில் மக்கள் காம்பரா என்ற சொல்லை எப்படி வழங்குகிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். “அது எத்தன காம்பரா லயம்?” “அவங்க ஆறாங் காம்பரா.” “தொரை எங்களுக்கு இன்னும் காம்பரா குடுக்கல.” “மூணாங் காம்பராவுல சாவு.” எங்கேயும் இது வீட்டின் உறுப்பைக் குறிக்கவில்லை. வீட்டையே குறிக்கிறது, முகவரியையும், அதில் வாழும் குடும்பத்தையும் குறிக்கிறது. தஞ்சாவூர் வீட்டில் திண்ணை, ரேழி, கூடம், முற்றம் எல்லாம் இருந்து, அவற்றோடு ஒரு காமரா உள்ளும் இருந்தது. இத்தாலியரின் காமெராவுக்கு வெளியே கூடமும் சமையலறையும் இருக்கும். ஜெர்மானியரின் காமருக்கு மேலே ஒரு முழு வீடு இருக்கும். ஐரோப்பாவில் இந்தச் சொல் போன இடமெல்லாம் பகுதியைக் குறித்தது. தேயிலைத் தோட்டத்தில் பகுதி அப்படியே நிற்க, முழுமை கழன்று விழுந்துவிட்டது. ருசியச் சிறைக்கூடத்துக்குக்கூட வெளியே கைதிக்கு ஒரு வீடு உண்டு. லயத்துக் காம்பராவுக்கு வெளியே வேறு வீடு இல்லை. இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையுள்ள சொல்லொன்றின் வரலாற்றில் இது சாதாரண பொருள்மாற்றம் இல்லை. இந்த மாற்றத்தைச் செய்தது மொழியும் இல்லை. தோட்ட நிர்வாகம் குடும்பத்துக்கு அறை என்று கணக்குப் போட்ட கணக்கு முறை.

இந்தக் கணக்கு முறை இன்னொன்றையும் மறைத்தது. காம்பரா பேருக்குக் கட்டுப்பட்டது. செக்ரோலில், அதாவது தோட்டத்தின் தொழிலாளர் பெயர்ப்பதிவேட்டில், பேர் இருந்தால் காம்பரா. பேர் வெட்டினால் வேலையோடு கூரையும் போகும் என்ற பயம் தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளரின் வாயைக் கட்டிப்போட்டது. வேலைநிறுத்தத்துக்கு முன் ஒவ்வொரு குடும்பமும் கூலியோடு கூரையையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. ‘அறை’ என்று எழுதும் மூன்றாம் நிரலில் இந்தப் பயம் எங்கே இருக்கிறது?

தொல்காப்பியர் எச்சவியலில் திசைச்சொல்லைப் பற்றிச் சொல்லும்போது, அவை அந்தந்த நிலத்தார் கருதும் பொருளையே உடையன என்கிறார். செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலங்களை மனத்தில் வைத்துச் சொன்னது அது. ஆனாலும் வழிகாட்டல் தெளிவு: திசைச்சொல்லின் பொருளை அது புறப்பட்ட இடத்தில் கேட்காதே, வழங்கும் நிலத்தில் கேள். நாம் திசைச்சொல் என்ற பெயரை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு, பொருளை மட்டும் லிஸ்பனில் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறோம். லிஸ்பனிலும் இப்போது அது நகரசபை.

தனித்தமிழ் ஆர்வத்தால் காம்பராவை நீக்கி ‘அறை’ என்று மாற்றி எழுதுகிறவர்களுக்கும் இதுவே மறுமொழி. செய்தித்தாள்கள் இப்போது ‘லயன் அறைகள்’ என்று எழுதுகின்றன. படிக்கச் சுத்தமாக இருக்கிறது. ஒரு குடும்பம் ஓர் ‘அறை’யில் இருக்கிறது என்று படிக்கும் கொழும்புக்காரர், மற்ற அறைகள் பக்கத்தில் இருக்கும் என்று நினைத்துவிட இடமுண்டு. காம்பரா என்ற சொல் அந்த ஏமாற்றத்துக்கு இடம் கொடுக்காது. அதேவேளை, சொல் அழிகிறதே என்று மட்டும் கவலைப்பட்டு, தோட்டத்துச் சொற்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்ப்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. காம்பரா வழக்கொழிய வேண்டிய சொல்தான். அது குறிக்கும் பொருள் ஒழிந்து அதனோடு சேர்ந்து ஒழிய வேண்டும்; பொருள் அப்படியே இருக்கச் சொல் மட்டும் மாறக்கூடாது.

அந்த ஒழிவு மெதுவாகத் தொடங்கியிருக்கிறது. லயத்துக்குப் பதிலாக ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்ற திட்டம் கடந்த பத்தாண்டுகளில் வேர்பிடித்தது. மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள் என்றிருந்த இந்திய உதவி, 2017 மே 12இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்ததோடு விரிந்தது. அந்தப் புதிய வீடுகளுக்குள் போனால் ‘ஹோல்’, ‘ரூம்’, ‘கிச்சன்’ என்று பேசுகிறார்கள். காம்பரா என்று யாரும் சொல்வதில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட அறை வந்ததும் பழைய சொல் தானாகவே நழுவிவிட்டது. அந்தச் சொல் ஒருபோதும் அறையைக் குறிக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பேர்ச்சஸும் இலத்தீன்தான். ‘பேர்த்திகா’ என்றால் நீண்ட கோல். அதை வைத்து நிலம் அளந்ததால் அளவுக்கே பெயரானது. ஏழு பேர்ச்சஸ் ஏறத்தாழ 1,900 சதுர அடி. காம்பரா 120 சதுர அடி. ஒரு குடும்பம் கமெராவிலிருந்து பேர்த்திகாவுக்கு வருவது ஏறத்தாழப் பதினாறு மடங்கு விரிவு. ஆனால் கோலால் அளந்த நிலத்துக்கு உறுதிப்பத்திரம் கையில் வரும்வரை அந்த விரிவு முழுமையாகாது. இப்போதும் பல்லாயிரம் குடும்பங்கள் லயத்தில்தான் இருக்கின்றன. அவர்களுக்குக் காம்பரா இன்றைய சொல்.

இறம்பொடையிலும் புசல்லாவையிலும் அற்றனிலும் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். திசைச்சொல் பட்டியலை விடாதீர்கள். அது நல்ல கருவி. இரண்டாம் நிரலில் ‘இலத்தீன் வழி; போர்த்துக்கேயமோ ஒல்லாந்தமோ’ என்று எழுதுங்கள், எந்த வழியாக வந்திருக்கலாம் என்று பிள்ளைகளோடு பேசுங்கள். மூன்றாம் நிரலை நிரப்பும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்து, வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். அதுவரை, காம்பராவுக்கு எதிரே உள்ள ‘அறை’யை வெட்டிவிட்டு இப்படி எழுதலாம்: ‘தோட்ட நிர்வாகம் தொழிலாளர் குடும்பம் ஒன்றுக்கு ஒதுக்கும், குடியிருப்போருக்கு உறுதிப்பத்திரம் இல்லாத, ஓரறை வீடு.’